அக்கா கேட்ட ரகசிய எண்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. (பொய் என்று சொல்லலாமா? சொல்லாமல் விட்டது. சரி, பொய்தான்.)

'ஆய்வுக்கூடத்தில் அன்று விசித்திரமான ஒரு' — அடித்துவிட்டேன். விசித்திரம் என்று நானே சொல்லிவிட்டால் உங்களுக்கு என்ன வேலை?

2

என் அக்கா துகள் இயற்பியல்காரி. அணுத்துகள்களை மோதவிட்டால் பிறக்கும் கன குவார்க்குகள் என்ற நுண்துகள்கள் கண் இமைக்கும் முன்பே சிதைந்துவிடும்; எந்த வழியில் எத்தனை சிதையும் என்று கணக்கு உண்டு. அது பிசகினால், யாரும் இதுவரை காணாத ஒரு துகள் ஊடே புகுந்து தொட்டிருக்கிறது என்று பொருள். அந்தத் தொடுகையைத் தேடியே அவளுக்குப் பதினோரு வருடம் போய்விட்டது.

ஆசை கண்ணை மறைக்குமே! அதனால் விடையோடு ஒரு ரகசிய எண்ணைக் கூட்டி மறைத்துவைப்பார்கள். வேலையெல்லாம் முடிந்த பிறகே கழிப்பார்கள். அந்த எண்ணைப் போட வெளியாள் வேண்டுமாம்.

"நீதான்டா சரி. உனக்குக் கூட்டலே வராது," என்றாள்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். நான் காகிதத்தில் எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். அதே எண்ணைக் கணினியிலும் தட்ட வேண்டும். கூட்டுவது கணினியில் தட்டியதை; கடைசியில் கழிப்பது உறையில் இருப்பதை. தட்டியதும் திரை அதை விழுங்கிவிடும். பிறகு யாருக்கும் காட்டாது.

3

(எல்லா வரைவும் இங்கேதான் நின்றுபோகிறது.)

எழுதியதைத் திருத்துவது என் தொழில் வியாதி. தட்டும்போது கடைசி இலக்கம் அசிங்கமாகப் பட்டது. மாற்றினேனா, மாற்ற நினைத்து விட்டுவிட்டேனா? சத்தியமாக நினைவில்லை. யாரோ விரலை லேசாக இழுத்த மாதிரி மட்டும்

அறையில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். ஆனால் ஒவ்வொரு வரைவிலும் நான் எழுதாத மூன்றாவது நாற்காலி ஒன்று வந்து நிற்கிறது. அடித்தால் மறுபடி வருகிறது, இன்னும் கொஞ்சம் கிட்டே. எனக்குப் பயமாக இருக்கிறது.

4

இன்று காலை உறையைப் பிரித்துக் கழித்தார்கள். கணக்கு பிசகியிருந்தது.

"டேய், அங்க ஏதோ இருக்குடா! நிஜமாவே இருக்கு!" அக்கா போனில் அழுதுகொண்டே சிரித்தாள்.

"எவ்வளவு பிசகு, அக்கா?"

"கடைசி இலக்கத்துலதான். ஆனா அது போதும்டா." ஒரு மூச்சு விட்டாள். "மதியம் எல்லார்கிட்டயும் சொல்லப்போறோம். சும்மா ஒரு வார்த்தைக்குக் கேக்கறேன். எழுதினதைத்தானே தட்டினே?"

முடிவு ஒன்று: 'ஆமா' என்கிறேன். அவள் மேடையேறுகிறாள். ஆயுசுக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது.

முடிவு இரண்டு: 'தெரியல' என்கிறேன். பதினோரு வருடம் மண்ணாகிறது. ஒருவேளை அந்தத் துகள் நிஜமாகவே அங்கே இருந்திருந்தால்?

அக்கா இன்னும் லைனில்தான் இருக்கிறாள். எனக்குப் பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கிறது. நான் திரும்பப்போவதில்லை. இந்தப் பக்கத்தை இப்போது பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள்தான். மீதியை நீங்களே சொல்லுங்கள்.

"அக்கா, நான்