நாற்பது நிமிடம் உள்ளே இருந்தவள்

"ரகசியம் முக்கியம்னு சொன்னீங்களே, அதான் என் ரூமையே குடுத்துட்டேன்" என்றார் சூப்பர்வைசர். விரலில் எச்சில் தொட்டு என் கேள்வித்தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் ஈரம். அந்த இடத்தில் விரல் படாமல் வாங்கிக்கொண்டேன்.

இறால் உரிக்கும் கூடம் அது. நாற்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் வேலை செய்யும் பெண்களுக்கு எச்.ஐ.வி. எப்படி, யாரால், எந்தக் கட்டாயத்தால் வந்து சேர்கிறது என்று கேட்டு எழுதுவது என் வேலை. அவர் ரூமில் ஒரு மேசை, மெத்தை வைத்த நாற்காலி, எதிரே ஒரு ஸ்டூல், எங்களுக்காக ஒரு தட்டு பிஸ்கட். கதவில் பாதி மங்கலான கண்ணாடி. வெளியே, கதவுக்கு நேரெதிரே, பெரிய கடிகாரம்.

"இங்க எல்லாரும் என்னை சித்தப்பான்னுதான் கூப்பிடுவாங்க. ஒரே குடும்பம் மாதிரி" என்றபடி கதவைச் சாத்தினார். ரூமெல்லாம் அவர் பூசியிருந்த சென்ட். அதற்கடியில் இறால் வாடை.

பதினான்காம் கேள்விதான் முக்கியம். வேலை கிடைக்கவோ, நிலைக்கவோ, யாருடைய ஆசைக்காவது இணங்க வேண்டி வந்ததா? "இல்லை" என்றால் நேரே நாற்பத்தொன்றாம் கேள்விக்குத் தாவிவிடலாம். "ஆமாம்" என்றால் நடுவில் இருபத்தாறு கேள்விகள்.

முதல் நாள் காலை வரிசையாக ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் இல்லை என்றார்கள். ஒருத்தி பாதியிலேயே சொல்லிவிட்டாள்.

"கேள்வியே முடியலையேம்மா."

"முடிஞ்சாலும் இல்லைதாங்க."

எட்டாவதாக வந்தவளை எல்லோரும் குருவி என்பார்கள். பத்தொன்பது வயது, பூஞ்சை உடம்பு, ஓயாத வாய். ஸ்டூலில் உட்கார்ந்ததும் என்னையே பார்த்தாள்.

"எப்படிம்மா அந்த நாற்காலியில உக்காந்திருக்கீங்க?"

"ஏன், உடைஞ்சிருக்கா?"

"உடையல. அவரு நாற்காலி. என்னைக் கூப்பிடுறதும் இந்த ரூமுக்குத்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் எழுந்துவிட்டேன். கைப்பிடியில் வைத்திருந்த கையைப் புடவையில் துடைத்தேன். துடைத்த பிறகும் கை அப்படியே இருப்பதுபோல் இருந்தது.

"முதல்ல உலர்ந்த மேசை குடுத்தாரு. கால் நனையாது, ஃபேன் இருக்கும். அப்புறம் ரூமைப் பெருக்க வான்னாரு. ரெண்டு நாள் பெருக்கினேன். மூணாம் நாள் விளக்குமாத்தை எடுக்கவே விடல."

"வரமாட்டேன்னு சொன்னா?"

"ஐஸ் மேசைக்குத் தள்ளிடுவாரு. நாள் முழுக்க ஐஸ்ல கை. அதுக்கும் மசியலைன்னா வேலையே போயிடும். அம்மாவும் ரெண்டு தங்கச்சியும் என் கையைத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க."

"ஆணுறை ஏதாவது..."

"கேட்டேம்மா. 'சித்தப்பாவையே சந்தேகப்படுறியா? நான் என்ன தெருப்பொறுக்கியா?'ன்னாரு. அப்பவும் அவரை சித்தப்பான்னுதான் கூப்பிடணும். கூப்பிடலைன்னா கோவம் வரும். எனக்கு அந்த வார்த்தையிலதான் குமட்டும். எங்க சொந்த சித்தப்பா வீட்டுக்கு வந்தாக்கூட இப்பல்லாம் வாங்கன்னு மட்டும் சொல்றேன்."

படிவத்தின் ஓரத்தில் அதையும் எழுதிக்கொண்டேன்.

"ரத்தம் பாக்குற இடம் எங்கம்மா இருக்கு? போனா யாருக்காவது தெரிஞ்சிடுமா?"

ஆஸ்பத்திரியின் விலாசச் சீட்டைக் கொடுத்தேன். "யாருக்கும் தெரியாது" என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

அவள் வெளியே போனபோது சூப்பர்வைசர் டீ டம்ளருடன் கடிகாரத்துக்கு அடியில் நின்றிருந்தார். "மத்தவங்களுக்கெல்லாம் எட்டு நிமிஷம். இவளுக்கு மட்டும் நாப்பதா? சரியான வாயாடி" என்றார். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்து வைத்தேன்.

மறுநாள் காலை குருவி ஐஸ் மேசையில் இருந்தாள். விரல்களெல்லாம் வெளுத்து, தோல் சுருங்கி, ஊறிப்போன காகிதம் மாதிரி இருந்தன. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று முதலில் உள்ளே வந்தவர் கண்ணாடியக்கா. அந்தக் கூடத்திலேயே வயதில் மூத்தவர், மூக்குக்கண்ணாடி போட்டவர். வந்ததும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"இந்த வாரத்தோட நின்னுக்கோன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டான், தெரியுமா?"

"ஐயோ, ஏன்?"

"ஏனா? நல்லாக் கேட்டீங்க. எங்களுக்கு மணி பாக்கத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? இல்லைன்னு சொன்னவ எட்டு நிமிஷத்துல வெளிய வர்றா. நாப்பது நிமிஷம் உள்ள இருந்தவ ஆமான்னு சொல்லியிருக்கான்னுதானே அர்த்தம்? சாப்பாட்டு நேரத்துக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. ஊர் கூட்டித் தமுக்கு அடிக்காத குறைதான், கேள்வியம்மா."

எனக்கு வாயெல்லாம் கசந்தது. சூப்பர்வைசரின் எச்சிலைப் பார்த்து அருவருத்தேனே, அந்தத் தாளே அவளைக் காட்டிக்கொடுக்கும் என்று தோன்றவில்லையே! வெளியே போய், என்னை அனுப்பிய ஆய்வு ஆபீசருக்கு போன் செய்தேன்.

"சார், படிவத்தை மாத்தணும். ரூமையும் மாத்தணும்." விஷயத்தைச் சொன்னேன்.

"மேடம், படிவம் மூணு கமிட்டி பாத்து ஒப்புதல் குடுத்தது. ரூமைப் பத்திப் பேசினா அனுமதியே போயிடும். அது சரி, ஒரு 'ஆமாம்' கிடைச்சிருக்கே! நல்ல கேஸ். அவகிட்ட விரிவா இன்னொரு பேட்டி எடுத்துடுங்களேன்."

"அவ வேலையே போகப்போகுது சார்."

"அதையும் கேட்டு எழுதிக்குங்க. ரொம்ப உபயோகமா இருக்கும்."

போனைக் காதிலிருந்து எடுத்தபோது அதையும் புடவையில் துடைத்தேன்.

திரும்பி வந்து கண்ணாடியக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "என்னக்கா செய்யலாம்?"

"எல்லாரையும் நாப்பது நிமிஷம் உக்கார வைங்க. அப்புறம் யாரைப் புடிப்பான்?"

அப்படியே செய்தேன். கண்ணாடியக்கா காலை நீட்டி ஒரு தூக்கம் போட்டார். அடுத்தவள் மருமகளைத் திட்டித் தீர்த்தாள். அன்றைக்கு வந்த ஒருத்திகூட அந்த நாற்காலியில் உட்காரவில்லை. நான் சொல்லவில்லை, அவர்களாகவே சுற்றிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். பிஸ்கட்டையும் யாரும் தொடவில்லை.

நாலாவதாக வந்தவள் பதினான்காம் கேள்விக்கு இல்லை என்றுவிட்டு, கால் மணி நேரம் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நேரந்தான் இருக்கே. அந்தப் பதினாலை இன்னொருவாட்டி படிங்க" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் பத்துப் பேர் வந்துபோனார்கள். ஆறு பேர் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்கள்.

நடுவில் சூப்பர்வைசர் கதவைத் திறந்தார். "என்னம்மா, இன்னிக்கு எல்லாருக்கும் இவ்வளவு நேரம்?"

"படிவம் பெருசுங்க."

"நேத்து எட்டு நிமிஷந்தானே?"

"எண்ணிக்கிட்டா இருந்தீங்க?"

முகம் சுருங்கியது. சட்டென்று சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டார். "இதுங்க எல்லாம் என் பொண்ணுங்க மாதிரிம்மா. கண்டதையும் உளறும். நம்பிடாதீங்க." சொல்லும்போதே தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். உதட்டோரம் ஒட்டிய தூளை நாக்கால் எடுத்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மறுநாள் என்னைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கம்பெனி அனுமதியை ரத்து செய்துவிட்டதாம். கம்பி வழியாகப் பார்த்தேன். நாலு பேர் நிற்கிற ஐஸ் மேசையில் பதினோரு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். உலர்ந்த மேசையில் பாதி காலி. இறால் கூடை கூடையாக உரிக்காமல் கிடந்தது. சூப்பர்வைசர், "போங்கடி, அவங்கவங்க இடத்துக்குப் போய்த் தொலைங்க" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"வர்றோம் சார்" என்றார் கண்ணாடியக்கா. "குருவியும் வருவா. அவளை நிறுத்தினா எங்களையும் சேத்துத்தான்."

சார் என்றார். சித்தப்பா என்ற சொல் அன்று எந்த வாயிலிருந்தும் வரவில்லை. குருவி உலர்ந்த மேசைக்குப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வார லீவன்று, ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் நிறுத்தத்தில் குருவிக்காகக் காத்திருந்தேன். துணைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவள் வந்தாள். பின்னால் கண்ணாடியக்கா. அவர் பின்னால் இன்னும் ஒன்பது பேர், சீவிச் சிங்காரித்துக்கொண்டு.

"எங்கடி எல்லாரும்?"

"ரத்தம் குடுக்கத்தான்" என்றாள் குருவி. "நான் மட்டும் போனா தெரிஞ்சிடும்ல? பதினோரு பேரும் போனா யாருக்காகன்னு எவனுக்குத் தெரியும்?"

"அக்காவுக்கு எதுக்கு?"

"எனக்கா? சும்மா" என்றார் கண்ணாடியக்கா. கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். "சும்மான்னு யாரு சொன்னா? எனக்கும் ஒரு காலத்துல இருபது வயசுதானே."

பையில் போன் அடித்தது. ஆய்வு ஆபீசர். "எங்க மேடம் இருக்கீங்க?"

தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன்.

"பதினோரு பேரா? ஒரே இடத்துலயா? படிவத்தை எடுத்துட்டுப் போங்க மேடம், விட்டுடாதீங்க!"

பஸ் வந்துவிட்டது. போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, குருவிக்குப் பின்னால் ஏறினேன்.