சர்தார் கரும்பு கடைசி

ரராவாய் மில்லுக்குக் கரும்பு போடும் எங்கள் கேங்கில் பதினான்கு பண்ணைகள். வீட்டுக்கு ஓர் ஆள் கத்தியோடு வரவேண்டும். எல்லோரும் சேர்ந்து ஒவ்வொருவர் வயலாக முறைவைத்து வெட்டுவார்கள். கேங்குக்குத் தலைவர் சர்தார். அவர் வயலுக்கு முறை எப்போதும் கடைசிதான். தன் வேலை முடிந்ததும் மற்றவர்களை அம்போ என்று விட்டுவிடக் கூடாதே என்று எந்தப் புத்திசாலியோ போட்ட விதி. பதினெட்டு வருஷம் சர்தாராக இருந்த என் கணவர் ராஜனுக்கு அந்தக் கடைசி இடத்தில் அப்படியொரு பெருமை. கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு இருக்காது.

இரண்டாயிரத்தில் எங்கள் தீவில் மறுபடியும் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். பயந்துபோன இந்தியர்கள் ஆளாளுக்கு ஆஸ்திரேலியா, கனடா என்று கிளம்பிவிட, கத்தி பிடிக்க ஒன்பது பேர்தான் மிச்சம். எங்களுக்கும் ஆக்லாந்துக்கு விசா வந்தது. நவம்பரில் விமானம். இருக்கிற ஆட்களை வைத்து, சீசன் முடிந்து மில் மூடுவதற்குள் எங்கள் வயல்வரை வந்து சேர்வார்களா என்பதே சந்தேகம். ஒரு வருஷ உழைப்பு வீணாகிவிடுமே.

நானே போய் கேங்கிடம் கேட்டேன். அடுத்த முறை பொன்னம்மா அக்காவுடையது. அவள் மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுத்தாள். மறுநாள் காலை எட்டுப் பேரும் எங்கள் வயலில் வந்து நின்றார்கள்.

“யார் உங்கள இங்க வரச் சொன்னது?” என்றார் இவர்.

“உர்மிளா அக்காதான் கேட்டாங்க அண்ணே,” என்றான் அவர்களில் ஒருவனான ரவீந்திரா.

“பொன்னம்மா வயலுக்கு நடங்க. நான் சர்தாரா இருக்கிற வரைக்கும் என் கரும்பு கடைசி.”

மூன்று நாள் நான் அவரோடு மல்லுக்கு நின்றேன். விமானம் ஏறுவதற்கு முந்தின நாள்வரை ஊரான் வயலில் வெட்டினார் மனுஷன். புதிய சர்தாராக ரவீந்திராவைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் கரும்பு அப்படியே நிற்க, நாங்கள் கிளம்பினோம்.

டிசம்பர் கடைசியில் ரவீந்திரா போன் செய்தான். நானும் காதை ஒட்டவைத்துக் கேட்டேன்.

“உங்க கரும்பு முழுசும் மில்லுக்குப் போயிடுச்சு அண்ணே. மறுநாளே மில்ல மூடிட்டாங்க.”

“உன்னுது?”

“நிக்குது. அடுத்த வருஷம் வெட்டிக்கலாம்.”

“என்னுதுதானேடா கடைசி?”

“நீங்க இப்ப சர்தார் இல்லியே அண்ணே.”

போனை வைத்துவிட்டு இவர் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பாத்தியா, என் கேங்கு,” என்றார்.

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாக நான் எதிர்த்துப் பேசவில்லை.