கமலவேணி சொன்ன காரணம்

1.

இது ஒரு கடிதமாக இருந்திருக்க வேண்டியது. மெட்ராஸில் என்னோடு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் கமலவேணி, காஞ்சிபுரத்தில் இருக்கும் தன் அக்கா நீலாம்பாளுக்கு ஒரு விஷயம் எழுத வேண்டும், தன்னால் முடியவில்லை, நீ எழுதிக் கொடு என்றாள். பத்திரிகைகளில் அறிவியல் கட்டுரை எழுதுகிறவள் என்பதால் எனக்கு இந்த வேலை. 'அன்புள்ள அக்காவுக்கு' என்று நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது முறை கதையாகிவிட்டது.

2.

(முதல் ஆரம்பம், அடித்தது: வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் தள்ளாடி நடக்கும் ஒரு வகை எலி உண்டு. அதன் சிறுமூளையில் சில செல்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. அவர்கள் மொழியில் தள்ளாடுவதற்கும் நெய்வதற்கும் ஒரே சொல் என்பதால் எலிக்கு 'நெசவாளி' என்றே பெயர் வந்துவிட்டது. கமலவேணியும் நெசவுக் குடும்பம்தான், ஆகவே—)

ஆகவே ஒன்றுமில்லை. தற்செயல். அதை வைத்து ஆரம்பித்தால் நீங்கள் ரசிப்பீர்கள், நீலாம்பாளை மறந்துவிடுவீர்கள்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மூளை உருவாகும்போது செல்கள் பிறந்த இடத்திலேயே தங்குவதில்லை. இழைபோல நீண்ட வேறு செல்களைப் பற்றிக்கொண்டு தொலைவு போகின்றன. எதைப் பற்றுவது, எங்கே விடுவது என்பதை செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்கள் தீர்மானிக்கின்றன என்று நினைக்கிறோம். (இது அச்சுக்குப் போனால் 'நினைக்கிறோம்' என்பதற்கு அடிக்கோடு போடவும்.) கோழிக் கருவின் மூளையை எடுத்து, நொதி ஊற்றிச் செல்களைப் பிரித்து, குடுவையில் சுழல விடுவோம். மறுநாள் பார்த்தால் அவை தம் இனத்தோடு சேர்ந்து கட்டியாகியிருக்கும். நொதி கூடிப்போனால் மேலிருக்கும் புரதம் போய்விடும். அது திரும்ப வளரும்வரை ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் கிடக்கும். 1975-இல் எங்கள் கையில் இருந்த அறிவு இவ்வளவுதான்.

3.

அந்த வருஷம் பங்குனியில் கமலவேணி என்னைப் பெரிய காஞ்சிபுரத்துக்குக் கூட்டிப் போனாள். நீலாம்பாளைக் கட்டியிருந்தவர் அத்தை மகன் மாணிக்கவாசகம். அவர்கள் மகள் சம்பூர்ணத்துக்கு நாலு வயது. நிற்கும்போதே ஆடும், இரண்டு அடி வைத்தால் விழும்.

வீட்டில் பாதியைத் தறி பிடித்திருந்தது. மாணிக்கவாசகம் நெய்துகொண்டே எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் அம்மா கிருஷ்ணம்மாள், கமலவேணிக்குச் சொந்த அத்தை, நாங்கள் உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"கிரகணத்தன்னிக்கு வயித்துப் புள்ளையோட தறியில உக்காராதன்னேன். கேட்டாளா? கொழந்த ஆடிக்கினு இருக்குது பாரு. எம் புள்ளைக்கு வம்சம் வேணாமா? ஐயம்பேட்டையில எந் தம்பி பொண்ணு இருக்குது. பேசிட்டேன். இவ கொழந்தையத் தூக்கிக்கினு அம்மா வீட்டுக்குப் போவட்டும்."

நீலாம்பாள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல அத்தை" என்றாள் கமலவேணி. மூளையில் செல்கள் இடம் மாறிப் போவதையும், அவற்றின் மேலிருக்கும் புரதம் சரியில்லை என்றால் வழி தவறி நின்றுவிடுவதையும் சொன்னாள். கிருஷ்ணம்மாள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, எங்கள் பேராசிரியர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள்.

"சரிமா. அது ஏன் கெட்டுப்போச்சு?"

(இந்த இடத்தில் கமலவேணி 'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் சொல்லவில்லை.)

"ரத்தத்துல வர்றது. மாமாகிட்ட பாதி, அக்காகிட்ட பாதி. ரெண்டு பேரும் ஒரே வீட்டு ரத்தம். உங்க தம்பி பொண்ணும் அதே ரத்தம்தானே? அவளக் கட்டினாலும் இப்படித்தான் பொறக்கும்."

தறி நின்றது.

"அம்மா, ஐயம்பேட்டைக்கு வேணாம்னு ஆள் அனுப்பிடு" என்றார் மாணிக்கவாசகம். அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "உனக்கு எப்படி உறுதியாத் தெரியும்?"

"தெரியாது. வேற என்ன சொன்னா நிறுத்தியிருப்பாங்க?"

4.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் இருந்தோம். மறு வருஷம் நீலாம்பாள் மெட்ராஸ் வந்து, தங்கையிடம்கூடச் சொல்லாமல், குடும்பக் கட்டுப்பாட்டு ஆப்பரேஷன் செய்துகொண்டாள். அந்த எமர்ஜென்சி நாட்களில் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் உண்டு. இவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வயது இருபத்தாறு. கமலவேணி பதறிப்போய்க் கேட்டதற்கு, "நீதானேமா சொன்ன, இன்னொண்ணும் இப்படித்தான் பொறக்கும்னு" என்றாள்.

(இந்த வாக்கியத்தை வேறு மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தேன். எங்கும் கனம் குறையவில்லை.)

கிருஷ்ணம்மாளை இதுவரை ஒரு பக்கமாகவே எழுதிவிட்டேன். அது நியாயமில்லை. குறை தன் பிறந்த வீட்டு ரத்தத்திலும் இருக்கிறது என்று கேட்ட நாளிலிருந்து அவள் மருமகளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தினமும் காலையில் சம்பூர்ணத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தெருக்கோடிவரை நடத்திக் கூட்டிப் போவாள். எட்டு வயதில் குழந்தை தானாகப் பத்து அடி நடந்தது. அது கிருஷ்ணம்மாள் செய்தது, எங்கள் குடுவைகள் அல்ல.

5.

இந்த ஆண்டு, 1979 ஜனவரியில், குழந்தையை ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினோம். பிறந்த கதையைக் கேட்டார். நீலாம்பாள் சொன்னாள்: இரண்டு நாள் வலி, ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டாள், குழந்தை நீலம் பாரித்துப் பிறந்து வெகுநேரம் அழவில்லை. டாக்டர் இங்கிலீஷில் எழுதினார்: பிறப்பின்போது மூச்சுத் தடைப்பட்டதால் இருக்கலாம், பரம்பரை என்று சொல்ல அறிகுறி எதுவும் இல்லை.

"என்னமா எழுதியிருக்காரு?" என்றாள் நீலாம்பாள்.

"நடக்கிற பயிற்சிய விடாம செய்யச் சொல்றாரு" என்றாள் கமலவேணி.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள்தான் என்னிடம் அந்தக் கடிதத்தைக் கேட்டாள்.

6.

முடிவு அ: கடிதம் போகிறது. அந்த வீட்டில் கடிதங்களை மாணிக்கவாசகம் உரக்கப் படிப்பார். கிருஷ்ணம்மாள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிறகு அவள் குழந்தையின் கையை—

முடிவு ஆ: கடிதம் போகவில்லை. எல்லாரும் இருக்கிறபடியே இருக்கிறார்கள். கமலவேணியும் நானும்—

இரண்டையும் அடித்துவிட்டேன். முதலாவதில் எங்களுக்குப் பாவம் கழிகிறது, இரண்டாவதில் அது வெளியே தெரியாமல் போகிறது.

நடந்தது வேறு. போன திங்கட்கிழமை நீலாம்பாள் குழந்தையோடு டாக்டரைப் பார்க்க வந்தவள், ஆய்வுக்கூடத்துக்கும் வந்தாள். வராந்தாவில் நிறுத்தி கமலவேணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அப்போ எங்க ரத்தத்துல ஒண்ணும் இல்லியா?"

"இல்லன்னுதான் நெனக்கிறாரு அக்கா."

"ஆப்பரேஷன மாத்த முடியுமா?"

"பண்ணிப் பாக்கலாம். உறுதி இல்ல."

நீலாம்பாள் தங்கையை நேராகப் பார்த்தாள். "இப்போ மட்டும் உறுதி இல்லன்னு சொல்ல வருதா உனக்கு?"

கமலவேணி அழுதாள். அவள் அக்கா அழவில்லை. டாக்டர் எழுதிய தாளைக் கேட்டு வாங்கினாள்.

"இதுல அத்தை பேரு இருக்குதா?"

"இல்ல. வீட்டுல பிரசவம், ரெண்டு நாள்னு இருக்குது."

"போதும்." மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"அத்தைகிட்ட சொல்லுவியா?"

"அத நீ கேக்காத கமலா."

பிராட்வேயில் பஸ் ஏற்றிவிட்டோம். இன்றுவரை அங்கிருந்து ஒரு செய்தியும் இல்லை. தாளைக் காட்டினாளா, அடுப்பில் போட்டாளா, மாணிக்கவாசகத்திடம் மட்டும் சொன்னாளா, தெரியாது. ஊகித்து எழுத எனக்கு வரும். எழுதமாட்டேன். அவள் வீட்டில் நடக்க வேண்டியதை நாங்கள் சொல்லிக் கொடுத்தது ஒரு முறை போதும்.

உங்கள் மனதில் ஒரு முடிவு இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் மட்டும் போய்ச் சொல்லாதீர்கள்.