வெலிச்கா வீட்டுத் தீவு

சாவு நோட்டீஸ் அச்சடிக்கும் கிரோவுக்கு உயிரோடு இருப்பவர்களிடம் பேசிப் பழக்கமில்லை. என் அப்பா, என் அம்மா, வெலிச்காவின் புருஷன் எல்லாருமே அவன் மெஷினுக்குள் புகுந்துதான் எங்கள் ஊர்க் கம்பங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். மேலே படம், கீழே பெயரும் வயசும், சுற்றிலும் கறுப்புக் கட்டம். எங்கள் ஊரில் பேப்பர் படிப்பவர்கள் குறைவு, கம்பம் படிக்காதவர் ஒருவரும் இல்லை. பஸ்ஸுக்கு நின்றாலும் ரொட்டிக்குப் போனாலும் ஒரு கண் கம்பத்தின் மேல்தான் இருக்கும். ஏழு மாசமாக அத்தனை கண்ணும் அங்கே தேடியது ஒரே முகத்தை. அந்த முகத்துக்குச் சொந்தக்காரி என் பக்கத்தில் நின்றுகொண்டு, தன் படத்தை எடுத்து கிரோவின் மேஜைமேல் வைத்தாள்.

“யாருக்கு?” என்றான் கிரோ, தலை நிமிராமல்.

“எனக்கு.”

நிமிர்ந்தான். மருந்தில் கொட்டிப்போன முடி இப்போதுதான் அவளுக்கு அரை விரல் வளர்ந்திருந்தது. படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அக்கா, உசுரோட இருக்கறவங்களுக்கு நான் அடிக்கறதில்ல. ஆகாது.”

“ஆகும், ஆகாதெல்லாம் நான் பாத்துக்கறேன். வெல என்ன?”

“இருவது காகிதம் நாலு லெவா. கலர்னா பன்னெண்டு.”

“கலர் வேணாம். கறுப்புக் கட்டத்துக்குத் தனிக் காசா?”

“இல்ல, அது மெஷின்லயே கெடக்கு.”

“அப்ப அதோடயே போடு. ஓசில வர்றத எதுக்கு விடணும்? சிலுவ இருக்கற எடத்துல மட்டும் ஒரு தென்ன மரம் போட்டுரு.”

கிரோ மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டான். அப்புறம் அடித்தான். நாலு லெவா நாலு லெவாதானே.

“வெலிச்கா இவனோவா, ஐம்பத்தொன்பது வயது, சாகவில்லை. வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தன் வீட்டுத் தோட்டத்தில் தீவு விருந்து கொடுக்கிறாள். ஊரார் அனைவரும் வரவும். பூ கொண்டு வரவும். ஒற்றைப்படையில்.”

கடைசி வார்த்தையை அவள்தான் சேர்க்கச் சொன்னாள். உயிரோடு இருப்பவருக்கு ஒற்றைப்படை, செத்தவருக்கு இரட்டைப்படை. பூ விஷயத்தில் எங்கள் ஊர்ச் சின்னக் குழந்தைகூடத் தப்புப் பண்ணாது. ஆனால் வெலிச்கா விஷயத்தில் ஊருக்கே கணக்குத் தடுமாறியிருந்தது.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே ஊர் அவளைப் புதைத்துவிட்டது. எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம் என்பார்களே, அப்படித்தான் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கோழிகளைக் கொண்டுபோனார், ‘பாவம், பட்டினி கிடக்குமே’ என்று. அவளுடைய ஓரகத்தி தோதோர்கா டவுனிலிருந்து வந்து தையல் மிஷினைத் தூக்கிப் போனாள், துரு ஏறிவிடுமாம். அதோடு நிற்காமல், திரை தைக்க ஜன்னல்களுக்கு அளவும் எடுத்துக்கொண்டாள். வெலிச்காவுக்குப் பிள்ளை கிடையாது, வீடு தன் மகனுக்குத்தான் வரும் என்ற நம்பிக்கை. நான்? நான் ஜாம் காய்ச்சுகிற பெரிய கொப்பரையை எடுத்துக்கொண்டேன். மறைப்பானேன். எடுக்கும்போது அழுதேன் என்பது உண்மை, எடுத்தேன் என்பதும் உண்மை.

ஜூலையில் அவள் திரும்பி வந்தாள். உடம்பில் ஒன்றுமில்லை, சுத்தமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். யார் நம்பினார்கள்? ‘டாக்டருங்க அப்படித்தான் சொல்லி அனுப்புவாங்க’ என்றது ஊர். அவளைப் பார்த்தால் குரலைத் தாழ்த்தினார்கள். கடையில் வரிசையில் முன்னால் விட்டார்கள். கோழிகளை யாரும் திருப்பித் தரவில்லை, இன்னொரு மாசத்துக்காக எதற்கு அலைச்சல் என்று நினைத்திருப்பார்கள்.

“ராய்னா, கூட்டமா ஒரு விருந்து வைக்கப்போறேன்டீ,” என்றாள் ஒருநாள். “தீவுல வைக்கற மாதிரி. தென்ன மரம், கடலு, பூமால, எல்லாம்.”

“தீவா? ஏன், நம்ம ஊரு திருவிழா மாதிரி ஆட்டுக்குட்டிய சுட்டு வெச்சா ஆகாதா?”

“என் படுக்கைக்கு எதிர்ல செவுத்துல ஒரு படம் ஒட்டியிருந்தாங்க. கடலும் தென்ன மரமும். ஏழு மாசம் அதத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். எந்திரிச்சா அங்க போவேன்னு சொல்லிக்கிட்டேன். எந்திரிச்சாச்சு. போறதுக்குக் காசில்ல. அதனால அது இங்க வரட்டும்.”

“எத்தன பேருக்கு?”

“நூறு.”

“உனக்குப் பைத்தியம்தான்.”

“முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல நூத்திருவது புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டவடீ நான். ஒரு கிலோ கறியில நூறு உருண்ட புடிச்ச கை இது.” அந்தக் கையை மடக்கிக்கொண்டாள். “ஒருத்தரும் வரலன்னா, அவங்க நெனச்சதுதான் நெசம். நான் செத்தாச்சு. மூச்சு விடறது வெறும் பழக்கதோஷம்.”

மறுநாள் கொப்பரையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அவள் முற்றத்தில் வைத்தேன். ‘எங்கே போயிருந்தது இது’ என்றுகூட அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஆஸ்பத்திரிச் சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் திட்டம் முழுவதும் எழுதினாள். அன்னாசிப்பழம் விற்கிற விலைக்கு ஒன்றே ஒன்று வாங்கினோம். அதை மேஜை நடுவில் சாமி மாதிரி வைப்பது, முதல் விருந்தாளி உள்ளே வந்ததும் வெட்டுவது என்று முடிவு. மற்றபடி தர்பூசணிதான், ஆகஸ்டில் அது கல்லு மாதிரி மலிந்து கிடக்கும். கொப்பரையில் பீச் பழச் சாறு, அதில் என் புருஷன் காய்ச்சிய பிளம் சாராயம். கறி உருண்டையில் பாதி ரொட்டி. மிளகாய்த் தொக்கு போட்ட காலி ஜாடிகளுக்குள் மெழுகுவர்த்தி. மிட்டாய்க் காகிதத்தையும் தீக்குச்சியையும் வைத்து நூறு குட்டிக் குடை செய்தோம், என் விரலெல்லாம் பசை. வைக்கோல் மூடுகிற நீலப் பிளாஸ்டிக்கைத் தக்காளிப் பாத்தி ஓரமாக விரித்தோம், அது கடல். தென்னை மரத்துக்குத்தான் தவித்துப்போனோம். கடைசியில் வேலியோரம் கேட்பாரில்லாமல் முளைக்கும் நாற்ற மரத்தின் நீள நீளக் கிளைகளை வெட்டி, பழைய தண்ணீர்க் குழாய்களின் உச்சியில் செருகினோம். அடுத்த வருஷம் முழுக்க வெட்டினாலும் தீராத மரம், ஓசி.

“கட்ட கயிறு பத்தாது. சணல் அறுந்து அறுந்து போவுது,” என்றாள் வெலிச்கா, ஏணிமேல் நின்றபடி. “இழுத்தா நீளற மாதிரி எதாச்சும் இருக்கா?”

யோசிக்காமல் வீட்டுக்கு ஓடி, அலமாரியிலிருந்து எடுத்து வந்து நீட்டினேன். நீட்டின பிறகுதான் என் கையில் இருப்பது என்னவென்று எனக்கே உறைத்தது. சாவு வீட்டுக்குப் போட்டுப் போகிற கறுப்பு நைலான் காலுறை. மூன்று ஜோடி. பாக்கெட்டே பிரிக்கவில்லை.

அவள் இறங்கி வந்து வாங்கிப் பார்த்தாள். விலைச் சீட்டில் மார்ச் மாசம் என்று போட்டிருந்தது. அவள் மிக மோசமாகக் கிடந்த மாசம்.

“யாருக்காக வாங்கின?”

பொய் சொல்லலாம்தான். நாற்பது வருஷச் சினேகிதியிடம் இதற்குமேல் என்ன பொய்?

“உனக்காகத்தான்,” என்றேன். அழுகை வந்துவிட்டது. “மன்னிச்சுருடீ. நானும் உன்னப் பொதச்சுட்டேன்.”

வெலிச்கா ஒரு ஜோடியை உருவி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

“நல்ல சரக்கு. எனக்காக நல்லதாத்தான் வாங்கியிருக்க.” கத்திரியை என்னிடம் நீட்டினாள். “அழுதது போதும், வெட்டு. குறுக்கால வெட்டு, அப்பத்தான் வளையம் வளையமா வரும்.”

என் கறுப்புக் காலுறைகளால்தான் அந்தப் பதினோரு தென்னை மரங்களும் நின்றன.

சனிக்கிழமை நாலு மணி. வெலிச்கா சோளத் தோகையைக் கோத்த பாவாடை கட்டிக்கொண்டு வந்தாள். தலைக்குத் துணி கட்டவில்லை. முள்ளாய் நிற்கும் அந்தக் குட்டை முடியோடு, அன்னாசிக்குப் பக்கத்தில், கத்தியோடு நின்றாள். வாசல் கதவை விரியத் திறந்து வைத்திருந்தேன்.

ஊர் வந்தது. வந்து தெருவில் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் ஐம்பது பேர், அறுபது பேர். எல்லார் கையிலும் பூ, மூன்று, ஐந்து, ஏழு என்று யோக்கியமாக எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஊர்க் கல்யாணங்களுக்கு வாசிக்கிற மெதோதி தன் அக்கார்டியன் பெட்டியோடு வந்து, அதன் வார்களைக்கூட அவிழ்க்காமல் நின்றான். ஆனால் முதல் ஆளாக வாசல் தாண்ட ஒருவருக்கும் கால் வரவில்லை. சாவைச் சீண்டுகிறவள் வீட்டுக்குள் முதலில் நுழைந்தால் அது யாரைத் தொடரும் என்ற பயம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கொப்பரையைத் தூக்கி அவர்கள் தலையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது.

“என்ன, அந்தப் பக்கம் பஸ்ஸு வருதா?” என்று கத்தினேன். “பூவோட நிக்கறீங்களே, வெக்கமா இல்ல?”

“போறோம், போறோம்,” என்றார் கோழிகளைக் கொண்டுபோன பக்கத்து வீட்டுக்காரர். “நீ முன்னால போன்னு எல்லாரும் என்னையே தள்றாங்க.”

நாலு இருபது ஆனது. வெலிச்கா அசையவில்லை. கத்தியைக் கீழே வைக்கவும் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள், நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அப்போதுதான் டவுன் பஸ் வந்து நின்றது. இறங்கினாள் தோதோர்கா. தலை முதல் கால் வரை கறுப்பு. ஒரு கையில் தட்டு, அதில் சர்க்கரை தூவிய அவித்த கோதுமை, செத்தவர்களுக்குப் படைப்பது. இன்னொரு கையில் சிவப்புக் கார்னேஷன் பூக்கள். டவுனில் ஏதோ ஒரு கம்பத்தில், கண்ணாடி போடாத கண்ணால், படத்தையும் கட்டத்தையும் பார்த்திருக்கிறாள். நாளையும் நேரத்தையும் யாரிடமோ கேட்டிருக்கிறாள். மீதியைப் படிக்க அவளுக்கு என்ன அவசியம்?

தெருக் கூட்டம் விலகி வழிவிட்டது. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படுபாவிகள், வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

“ஐயோ வெலிச்கா, போயிட்டியே!” என்று ராகம் போட்டுக்கொண்டே தோதோர்கா வாசலைத் தாண்டினாள். “தங்கமே, எங்கள விட்டுட்டுப்...”

நீலப் பிளாஸ்டிக் கடலுக்குப் பக்கத்தில் ராகம் நின்றுபோனது.

“வா தோதோர்கா,” என்றாள் வெலிச்கா. “நீதான் மொத ஆளு.”

தோதோர்காவின் வாய் திறந்தபடியே இருந்தது. கோதுமைத் தட்டு சரிந்தது, நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். வெலிச்கா நிதானமாக நடந்து வந்து, பூங்கொத்தை அவள் கையிலிருந்து வாங்கி, தெருவுக்கெல்லாம் கேட்கிற மாதிரி எண்ணினாள்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு.” நிறுத்தினாள். “ஆறு.”

இரட்டைப்படைப் பூவை உயிரோடு இருக்கிறவள் கையில் கொடுப்பது என்றால் அவள் முகத்தைப் பார்த்து ‘நீ செத்துப்போ’ என்று சொல்வது. கிழவர்கள் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

“நான்... நான் நெனச்சேன்...” என்றாள் தோதோர்கா.

“தெரியும், நீ மட்டுமா நெனச்ச?” என்று சொல்லிவிட்டு வெலிச்கா வேலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அத்தனை தலையும் குனிந்தது, என் தலையும்தான்.

அப்புறம் கொத்திலிருந்து ஒரு பூவை உருவினாள். காம்பை விரல் நீளத்துக்கு ஒடித்தாள். அந்தக் குட்டை முடிக்குக் கீழே, காதுக்கு மேலே, அதைச் செருகிக்கொண்டாள். மிச்சத்தை உயர்த்திக் காட்டினாள்.

“அஞ்சு,” என்றாள். “இப்ப சரியா இருக்கு.”

மேஜைக்குப் போய் அன்னாசியை ஒரே வெட்டில் இரண்டாக்கி, முதல் துண்டைத் தோதோர்காவின் வாயில் ஊட்டினாள். தெருவில் யாரோ சிரித்தார்கள். மெதோதி வார்களை அவிழ்த்தான். கூட்டம் வாசலில் முட்டி மோதிக்கொண்டு உள்ளே வந்தது, வேலியில் இரண்டு பலகை போயிற்று. அவித்த கோதுமையின் மேல் வெலிச்கா தர்பூசணியை நறுக்கிப் போட்டு, வந்த அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி வரும்படி பங்கு வைத்தாள்.

கன்னத்தில் அன்னாசிச் சாறு வழிய, கறுப்பு உடையோடு தோதோர்கா கடலோரம் உட்கார்ந்திருந்தாள். வெலிச்கா அவளிடம் ஒரு குட்டிக் குடை செருகிய டம்ளரைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டாள்.

“நல்லா சாப்புடு, ஆடு, ராத்திரி வேணா இங்கயே படுத்துக்க,” என்றாள். “திங்கக்கெழம என் தையல் மிஷின் வந்துரணும். ஜன்னலுக்குத் துணி தைக்கணும். அளவுதான் உன்கிட்ட இருக்கே, அதையும் கொண்டாந்துரு.”