சூடு தெரியாத பாதம்

கண்ணாடிக்குள் கிடக்கிறது ஒரு பாதம், வெளுத்து, ஓரத்தில் வெடித்து, யாருடையதோ போல, சிவப்பு பிளாஸ்டிக் விளிம்பு போட்ட அவருடைய சவரக் கண்ணாடியைத் தரையில் மல்லாத்தி வைத்து, அதற்கு மேலாக என் காலைத் தூக்கிப் பிடித்திருக்கிறார் அவர், ஏளா, கொஞ்சம் சாய்ச்சுக் காட்டு, வெளிச்சம் விழட்டும், என்கிறார், சாய்க்கிறேன், சாய்த்தேனா என்பதைக் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன், சர்க்கரை வந்து வருஷங்கள் ஆகின்றன, கால் மரத்தது எப்போது என்று கேட்டால்தான் சொல்லத் தெரியவில்லை, ஒற்றைச் செருப்பு வழியில் கழன்றது தெரியாமல் கடைத்தெருவிலிருந்து வீடு வரை நடந்து வந்தேனே, அன்றைக்கா, அதற்கும் முன்பா, அன்று வாசலில் நின்று நாங்கள் ரெண்டு பேரும் சிரிக்கத்தான் செய்தோம், ஆனால் அந்தக் கல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, உச்சிமாகாளி கோயில் சித்திரைக் கொடைத் திருவிழா, மத்தியான வெயில், வெளிப்பிரகாரத்துக் கருங்கல் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடக்கிறது, பெண்கள் எல்லாம் எம்மா எப்பா என்று குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடுகிறார்கள், நான் மட்டும் கைகூப்பியபடி மெல்ல நடக்கிறேன், புல்லில் நடப்பது போல, என் நாத்தனார் பிரமு தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறாள், மதினி, சுடலியா உங்களுக்கு, என்று கத்துகிறாள், இல்லையே பிள்ள, என்கிறேன், அவ்வளவுதான், ஏ எல்லாரும் வந்து பாருங்க, மதினி கால்ல அம்மன் எறங்கி நிக்கா, என்று அவள் போட்ட சத்தத்தில் குலவை எழும்புகிறது, யாரோ என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள், என்னைவிட மூத்த ஒருத்தி விழுந்தே கும்பிட்டாள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, மாத்திரையும் ஊசியுமாகக் கிடக்கிற இந்த உடம்பையும் அம்மன் தேடி வந்தாளே என்று நெஞ்சு நிறைந்து, இன்னொரு சுற்றும் சுற்றினேன்.

அன்று ராத்திரி படுக்கை விரிப்பில் ஈரத்தைப் பார்த்தது அவர்தான், என்ன ளா, தண்ணியக் கொட்டிட்டியா, என்று கேட்டுக்கொண்டே என் காலைத் தூக்கிப் பார்த்தார், உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், பாதி உடைந்திருந்தது, வலிக்கவே இல்லையே, அம்மன் காரியம், அவளே ஆத்திருவா, என்று நான்தான் மஞ்சளையும் எண்ணெயையும் குழைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன், பெருவிரல் கறுக்கிற வரைக்கும், திருநெல்வேலி ஆசுபத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை, இந்தக் கறுப்பு மேல ஏறினா விரல எடுக்கணும், அதோட நிக்கும்னும் சொல்ல முடியாது, என்றார், அன்று மருந்து மயக்கத்தில் கிடக்கிறேன், என் கால் மட்டும் கட்டிலை விட்டு இறங்கிப் போகிறது, தனியாகப் பிரகாரத்தைச் சுற்றுகிறது, பெண்கள் அதன் முன்னால் விழுந்து விழுந்து கும்பிடுகிறார்கள், ஏ வந்திரு, வந்திரு, என்று கூப்பிடுகிறேன், அது திரும்பிப் பார்க்கவில்லை, என் சத்தத்துக்கு ஓடி வந்தவள் நர்ஸ் ஜெபசீலி, கட்டுப் பிரித்துக் கழுவினாள், கண்ண மூடிக்கோங்கம்மா, என்று ஒரு நைலான் இழையால் பாதத்தை அங்கங்கே தொட்டாள், தெரியுதா, தெரியல, இங்க, தெரியல, அப்போ அன்னைக்கு வந்தது அம்மன் இல்லையா ஜெபசீலி, என்று மெதுவாகக் கேட்டேன், சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை, அது எனக்குத் தெரியாதும்மா, சர்க்கரை நரம்பக் கெடுத்திருக்கு, அது தெரியும், இனிமே உங்க காலு உங்ககிட்ட எதுவும் சொல்லாது, நீங்கதான் தினமும் பாக்கணும், என்றாள், அந்த வார்த்தை கேட்டுத்தான் அழுதேன், விரலுக்காக அழாதவள்.

கறுப்பு ஏறவில்லை, நின்றது, பிறகு ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகத் தோல் கூடி வந்தது, விரல் தங்கிட்டும்மா, என்று டாக்டர் சொன்னதும் அவர் வெளியே போய்விட்டார், வெகுநேரம் கழித்துக் காபியோடு வந்தார், கண் சிவந்திருந்தது, காபி சூடு, என்றார், நானும் ஆமாம் என்றேன், இப்போது காலையில் ஊசி, தட்டில் சோறு பாதி காய் பாதி, சாயங்காலம் நடை, வீட்டுக்குள்ளேயும் செருப்பு, மாமியார் இருந்திருந்தால் என்னைக் கொல்லையோடு நிறுத்தியிருப்பாள், குளிக்கிற வெந்நீரில் முதலில் அவர்தான் கைவிட்டுப் பார்ப்பார், கோயிலுக்குக் கல் குளிர்ந்து கிடக்கிற விடியலில், பருத்திக் காலுறையோடு போகிறேன், பூசாரி முதல்நாள் முகத்தைச் சுளித்தார், மறுநாள் அவரே, நடங்க, அம்மன் என்ன கோவிச்சுக்கிடவா போறா, என்றார், தினமும் இந்தக் கண்ணாடி, இன்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரமு வந்து உட்கார்ந்து, ஆமா, பாதபூசை நடக்கு, அண்ணன் பூ ஒண்ணுதான் வைக்கல, என்று சிரிக்கிறாள், சிரித்தவள் சட்டென்று அடங்கி, அண்ணே, ஒரு வாய் காபி போட்டுக் கொண்டாங்களேன், என்று அவரை உள்ளே அனுப்புகிறாள், மதினி, எனக்கும் சுகர் இருக்கு, யாருகிட்டயும் சொல்லல, மாத்திரைய அரிசிப் பானைக்குள்ள வச்சிருக்கேன், பாதி நாளு போடுறதில்ல, அன்னைக்கு உங்களுக்குச் சுடலன்னதும் எனக்கு எரிச்சலா வந்துச்சு, நமக்கு மட்டும் ஏன் சுடுதுன்னு அம்மன்கிட்ட சண்டையே போட்டேன், இப்போ பயமா இருக்கு மதினி, என் காலையும் பாருங்களேன், சேலையை ஒதுக்கி அவள் நீட்டுகிறாள், கண்ணாடிக்குள் வந்து இறங்குகிறது இன்னொரு பாதம், மஞ்சள் ஏறிய பாதம், விரல் இடுக்கு ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கிறேன், புண் இல்லை, கொப்புளம் இல்லை, கண்ண மூடு பிள்ள, என்று சொல்லி உள்ளங்காலில் நகத்தால் லேசாக ஒரு கோடு இழுக்கிறேன், இழுத்தபின் மூச்சு விடாமல் காத்திருக்கிறேன், ஏ மதினி, கூசுது, விடுங்க, என்று துள்ளுகிறாள், நான் விடவில்லை, இன்னொரு தடவ சொல்லு, என்கிறேன், கூசுதுங்கேன், என்று அலறிச் சிரிக்கிறாள், கண்ணாடி முழுக்க அந்தப் பாதம் குதிக்கிறது, கொதிக்கிற கல்லில் அன்று குதித்தோடிய பாதங்களைப் போல, அவர் காபி டம்ளரோடு பதறி வாசல்படியில் நிற்கிறார், என்ன ளா, என்ன சத்தம், ஏங்க, சீக்கிரம் வந்து பாருங்க, பிரமு கால்ல அம்மன் எறங்கி நிக்கா.