ஒட்டவைத்த எழுத்து

ஓரின் கியோ காசைக் கண்ணாடி மேஜைமேல் அறைந்த வேகத்தில், உள்ளே வரிசையாக அடுக்கியிருந்த வெள்ளி டாலர்கள் ஒருமுறை குலுங்கி அடங்கின. பழங்காசுக் கடைக்காரி நாடீன் ஸ்டானிச் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ப்யூட் நகரத்தில் அவனைத் தெரியாதவர்கள் குறைவு. செம்புச் சுரங்கத்தில் பெரிய லாரி ஓட்டியவன். நான்கு வருடத்துக்கு முன் சுரங்கத்தை மூடியபிறகு, மதுக்கடையில் யாருக்காவது பல் விழுந்தது என்று பேச்சு வந்தால் கூடவே அவன் பெயரும் வரும். அவனுக்குப் பின்னால், கதவோரம் சார்த்தியிருந்த பனி வாரும் மண்வெட்டிக்குப் பக்கத்தில், அவன் மனைவி ட்வைலா நின்றாள். நெடுஞ்சாலை விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். இடது சுண்டுவிரலை ஐஸ் குச்சி வைத்துக் கட்டியிருந்தாள். அந்தக் கட்டு மருத்துவமனையில் போட்டதில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"வெலயச் சொல்லுங்க, ஸ்டானிச் வீட்டம்மா. 1926. பின்பக்கம் அடியில எஸ் இருக்கு. நூலகத்துப் புத்தகத்துல பாத்துட்டுதான் வந்திருக்கேன், தொள்ளாயிரம் டாலர். இவ அப்பன் புகையிலை டப்பாவுல கெடந்துச்சு. மார்ச்சுல போய்ச் சேந்தான்ல, அவன் விட்டுட்டுப் போன சொத்து இது ஒண்ணுதான்."

நாடீன் காசை ஓரங்களில் பிடித்து விளக்கடியில் கொண்டுவந்து லென்ஸ் வழியாகப் பார்த்தாள். பழைய ஐந்து சென்ட் நிக்கல். ஒரு பக்கம் செவ்விந்தியன் தலை, மறுபக்கம் காட்டெருமை. எருமையின் காலுக்குக் கீழே, மதிப்பு எழுதிய வரிக்கும் அடியில், எள்ளளவு எஸ். சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் குறி. அந்த வருடம் அங்கே பத்து லட்சம்கூட அடிக்கவில்லை. அடித்ததிலும் முக்கால்வாசி மேற்கு மாநிலங்களின் சூதாட்ட மேஜைகளிலும் பஸ் உண்டியல்களிலும் தேய்ந்து வழவழப்பாகிப் போனது. கைமாறிக் கைமாறி முதலில் அழிவது எருமையின் கொம்புதான். இதில் கொம்பு நுனிவரைக்கும் முழுசாக இருந்தது. இருபத்தாறு வருடக் கடை வாழ்க்கையில் இப்படி ஒன்று தானாக நடந்து வந்ததில்லை. 

பிறகு லென்ஸை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். காசு குரோமிய முலாம் பூசியதுபோல மின்னியது. அறுபது வருடத்தில் உலோகம் தானாகப் போர்த்திக்கொள்ளும் சாம்பல் தோலை யாரோ உரித்தெடுத்திருந்தார்கள். எருமையின் முதுகெங்கும் முடியிழைக் கீறல்கள், வட்டம் வட்டமாக. செவ்விந்தியனின் பின்னலுக்கு இடையில் பற்பசை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. இனி இது அறுபது டாலருக்குப் போனால் அதிர்ஷ்டம்.

அவள் வாயைத் திறக்குமுன் ஓரின் முன்னால் குனிந்தான். "ஹெலனா ஊர்க் காசுக்கடைக்காரன்கிட்ட போன்ல கேட்டேன். தேய்ச்சிருந்தா பைசா தேறாதுங்கறான். இவ என்னடான்னா ஞாயித்துக்கெழம பூரா உக்காந்து தேய்ச்சிருக்கா. கடைக்குக் கொண்டுபோறமே, அழுக்கா இருக்கக் கூடாதுன்னாளாம்." அவன் திரும்பாமலே கட்டைவிரலால் பின்னால் சுட்டினான். "தேய்ச்சதுலதான் கெட்டுச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. மிச்சத்த நான் வீட்டுல போய்ப் பேசிக்கறேன்."

 ட்வைலாவின் பார்வை நாடீன் முகத்தில் இல்லை, நாடீனின் வாயில் இருந்தது.

காசைப் பற்றி நாடீன் பொய் சொன்னதில்லை. கணவன் செத்த வருடம் கடன்காரர்கள் வாசலில் நின்றபோதும், விதவைகள் அழுதபோதும், உள்ளதை உள்ளபடி சொல்லியே பழகியவள். கல்நெஞ்சுக்காரி என்று ஊரில் பெயர். இப்போது தன் குரல் எங்கிருந்தோ வருவதுபோலக் கேட்டது.

"தேய்ச்சதுல ஒண்ணுமில்ல. காசே போலி."

"என்னது?"

"இது பிலடெல்பியாவுல அடிச்சது. அங்க அடிச்சதுக்குக் குறி கெடையாது. எவனோ வேற காசுலேருந்து எஸ்ஸ செதுக்கி எடுத்து இதுல ஒட்டிருக்கான். இந்தத் தொழில்ல அப்படிச் செய்யற களவாணிங்க உண்டு. தேய்ச்சாலும் தேய்க்காட்டியும் ரெண்டு டாலர். உங்க மாமனார யாரோ ஏமாத்திட்டாங்க."

 ஓரின் சிரித்தான். "கெழட்டு நாயி. செத்தும் என்னைக் கேவலப்படுத்திட்டான் பாரு," என்றபடி திரும்பி, சிரிப்பு மாறாமலே, புறங்கையால் ட்வைலாவின் வாயில் அடித்தான். அவள் தலை கதவுச் சட்டத்தில் மோதியது. "இது உங்கப்பனுக்கு," என்றான். உதட்டிலிருந்து வழிந்ததை அவள் கையில் ஏந்திக்கொண்டாள், தரையில் சிந்தாமல்.

 அடிக்கிறவனுக்குக் காரணம் ஒரு சாக்குத்தான் என்று இந்த வயதுக்குமேல் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று நாடீன் நினைத்தாள். "வெளிய போ ஓரின். போலீஸக் கூப்பிடுவேன்."

"இரு, இரு." அவன் பாக்கெட்டிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து விரித்தான். "ஒட்டுன எழுத்துதான? நோண்டி எடுத்துட்டுப் போறேன். அவன் கல்லறைமேல வைக்கறேன்."

காசைக் கண்ணாடிமேல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, கத்திமுனையை எழுத்துக்கு அடியில் கொடுத்து நெம்பினான். வரவில்லை. இன்னும் அழுத்தினான். முனை வழுக்கி எருமையின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போனது. மூன்றாம் முறை தோள்பட்டை நடுங்க நெம்பியபோது, வெள்ளைச் சுருளாக உலோகம் பிய்ந்து வந்தது. எழுத்தில் பாதி சுருளோடு வந்தது. மீதிப் பாதி காசிலேயே நின்றது. இரண்டுக்கும் நடுவே பசையும் இல்லை, ஒட்டும் இல்லை. ஒரே உலோகம்.

அதை அவன் வெகுநேரம் பார்த்தான்.  நாடீனின் துப்பாக்கி கல்லாப்பெட்டிக்கு அடியில் இருந்தது. கல்லா நான்கு எட்டு தள்ளி இருந்தது.

"நெசக் காசு," என்றான் மெதுவாக. "நெசமான காச என் கையாலயே அறுக்க வெச்சிட்டியே, கெழவி."

அவள் இரண்டு எட்டுதான் வைத்தாள். மேஜைக்கு மேலாக எட்டி அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து, முகத்தைக் கண்ணாடியில் மோதினான். முதல் மோதலில் கண்ணாடி விரிசல் விட்டது. இரண்டாவதில் உடைந்தது. வெள்ளி டாலர்களுக்கு நடுவே தன் கன்னம் கிடப்பதும், சூடாக ஏதோ கண்ணுக்குள் இறங்குவதும் அவளுக்குத் தெரிந்தது. "அவளுக்காகப் பொய் சொன்னியா? அவ யாருடி உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவன் மறுபடி தலையைத் தூக்கினான்.

தட்டையாக ஒரு சத்தம் கேட்டது. முடியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

ட்வைலா மண்வெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஓரின் திரும்பி அவளைப் பார்த்தான். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது அந்த முகத்தில். "அடியே," என்று ஆரம்பித்தான். இரண்டாவது அடி காதோரம் விழுந்தது. மண்டியிட்டான். மூன்றாவது அடிக்கு அவள் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து விளிம்பால் இறக்கினாள். அவன் குப்புற விழுந்தபிறகும் அவள் நிறுத்தவில்லை. சத்தமே போடாமல், அழாமல், கட்டின விரல் கோணலாக நீட்டிக்கொண்டிருக்க, கட்டில் விரிப்பை உதறுகிற சீரான வேகத்தில் தூக்கினாள், இறக்கினாள். போதும் என்று சொல்ல நாடீனால் முடியும். வாய் திறக்க முடிந்தது, நாக்கு அசைந்தது. அவள் சொல்லவில்லை. ஆறாவது அடிக்குப் பிறகுதான் சொன்னாள்.

"போதும்மா."

ட்வைலா உடனே நிறுத்திவிட்டாள்.

ஓரினின் முதுகு ஏறி இறங்கியது. குறட்டைபோல ஒரு சத்தம் இடைவெளி விட்டு விட்டு வந்தது. நாடீன் சுவரைப் பிடித்தபடி போய்த் தொலைபேசியை எடுத்தாள். எண்களை இரண்டு தடவை தப்பாகச் சுழற்றினாள். மூன்றாம் தடவை யாரோ எடுத்தார்கள். கடை முகவரியைச் சொன்னாள், ஆம்புலன்ஸ் என்றாள், யாருக்கு என்று கேட்டபோது பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

"நான் தேய்ச்சதுலதான் கெட்டுச்சா?" ட்வைலா கேட்டாள். பிளந்த உதட்டில் வார்த்தைகள் குழறின.

நாடீன் கண்ணிலிருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"ஆமா. தேய்க்காம கொண்டுவந்திருந்தா அவன் சொன்ன வெலைக்கே நான் வாங்கியிருப்பேன்."

ட்வைலா தலையசைத்தாள். "அப்பா அத ஒருநாளும் தொட விட்டதில்ல. ஏன்னு சொன்னதுமில்ல." மண்வெட்டியைச் சுவரில் சார்த்தி, அது சரியாமல் நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

ஓடிவிடுவாள் என்றுதான் நாடீன் நினைத்தாள். ஓடட்டும் என்றும் நினைத்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஓரினின் வண்டி எஞ்சின் அணைக்காமல் தெருவோரம் நின்றது. ஆளில்லாத இருக்கைக்கு முன்னால் கண்ணாடித் துடைப்பான்கள் இப்படியும் அப்படியும் ஆடின. ட்வைலா ஓட்டுநர் கதவுப் பக்கம் போகவில்லை. முன்பக்கம் வந்து, எஞ்சின் சூட்டில் பனி தங்காத அந்தத் தகரத்தின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு, குளிர்காய்ந்தபடி நின்றாள். மலைச்சரிவின் கீழேயிருந்து சைரன் ஏறி வந்துகொண்டிருந்தது. அவள் தலையிலும் தோளிலும் பனி விழுந்து, உருகாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது.