இடது பக்கம் வந்த நல்ல வார்த்தைகள்

கார்குழலி செய்த தப்பு இவ்வளவுதான். டீ குடிக்கும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

ஆறு மாதமாகச் சிறைக்குள் போய்க் கைதிகளிடம் ஆராய்ச்சி செய்கிறாள். மனிதன் வாயால் மறைப்பதை விரல் காட்டிக்கொடுத்துவிடுமா என்பதுதான் விஷயம். லேப்டாப் திரையில் ஒவ்வொன்றாக வார்த்தை வரும். அன்பு, கருணை என்று அமைதியான வார்த்தை வந்தால் ஒரு பக்கத்துப் பொத்தான். அடிதடி, கொலை என்று வந்தால் மறுபக்கத்துப் பொத்தான். இடையிடையே ‘நான்’, ‘மற்றவர்’ என்றும் வரும். முதல் பாதியில் ‘நான்’ என்பதற்கும் வன்முறைக்கும் ஒரே பொத்தான், பின்பாதியில் ‘நான்’ என்பதற்கும் அமைதிக்கும் ஒரே பொத்தான். எந்த ஜோடிக்கு விரல் சட்டென்று பாய்கிறதோ, அந்த ஜோடி மனசுக்குள் ஒட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். யோசித்துப் பொய் சொல்ல அவகாசமே இருக்காது.

சிறை நல அதிகாரி அரிகிருஷ்ணன் நல்ல மனுஷர். அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்து, எப்படிம்மா போகுது என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். இவளும் சும்மா, வைத்திக்குப்பத்துத் தணிகாசலத்துக்குத்தான் சார் வன்முறைப் பக்கம் ரொம்பச் சாய்ந்திருக்கிறது என்று சொல்லி வைத்தாள். அரிகிருஷ்ணன் கிளாசைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த வாரம் முன்விடுதலைக் கமிட்டி கூடுகிறது. தணிகாசலம் பெயர் அதில் இருக்கிறது.

“அத ஒரு வரி எழுதிக் குடுத்துடும்மா. அவன் வெளிய போயி எதனா பண்ணிட்டான்னா என் தலதான் உருளும்” என்றார்.

கார்குழலி உடனே தலையாட்டவில்லை. யாருடைய முடிவையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகக் கைதிகளிடம் சொல்லித்தான் அவர்களை உட்கார வைத்திருக்கிறாள். இந்தச் சோதனை மொத்தக் கூட்டத்தைப் பற்றித்தான் பேசும், தனி ஆளைப் பற்றிப் பேச அதற்கு வக்கில்லை என்று வழிகாட்டி இராமதாஸ் சார் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் பாழாய்ப்போன மனசு கேட்கிறதா? ஒருவேளை அது நிஜமாகவே இருந்துவிட்டால்? மீன்வலைத் தகராறில் சொந்தக் குப்பத்துக்காரன் ராஜா என்பவனைக் கரையிலேயே வெட்டிச் சாய்த்தவர் தணிகாசலம். உள்ளே வந்து பதினாலு வருஷமாக ஒருத்தரிடமும் குரலை உயர்த்தியதில்லையாம். அதை வைத்து மட்டும் என்ன சொல்ல முடியும்?

இன்னொரு தரம் செய்து பார்த்துவிடலாம் என்று மறுநாள் அவரைக் கூப்பிட்டாள். எப்போதும் கைதிக்குக் கூச்சம் வரக்கூடாது என்று பின்னால் தள்ளி உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முறை அதுதான். அன்றைக்கு முறையாவது மண்ணாவது என்று எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

முதல் பாதி ஓடியது. அமைதி வார்த்தைகளெல்லாம் வலது பக்கம். தணிகாசலத்தின் இரண்டு கையும் கச்சிதமாக வேலை செய்தன. பின்பாதியில் பக்கம் மாறி, அமைதி வார்த்தைகள் ‘நான்’ இருக்கும் இடது பொத்தானுக்கு வந்தன. அன்பு என்று வந்தது. இடது கை பொத்தான்மேல் தயாராகத்தான் இருந்தது. அது அழுத்தாமல் பின்வாங்கிக்கொள்ள, வலது கை குறுக்கே தாண்டிப் போய் இடது பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பியது. கருணை வந்தது. மறுபடியும் அதே சர்க்கஸ்.

ஏண்ணே அப்படிச் செய்கிறீர்கள், இடது கையாலேயே அழுத்த வேண்டியதுதானே என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நல்ல வார்த்தயா வருதும்மா. எடது கைய வெக்க மனசு வரல.”

அட ஆண்டவா என்றிருந்தது அவளுக்கு. நெல்லித்தோப்பில் அம்மா வசந்தா மளிகைக் கடையில் இடது கையால் ஒரு ரூபாய் சில்லறை நீட்டியது கிடையாது. கோயிலில் இடது கையை நீட்டித் திருநீறு கேட்டு இவளே மண்டையில் குட்டு வாங்கியிருக்கிறாள். இவ்வளவும் தெரிந்தவள்தான் அந்தப் பொத்தான்களை வலமும் இடமுமாக வைத்தாள். கைதிகளில் பாதிப் பேருக்கு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்திருந்ததால் மொத்தக் கணக்கில் அது சரிக்கட்டிக்கொள்ளும். இந்த ஒரு மனிதருக்கு யார் சரிக்கட்டுவது? கை குறுக்கே போய்வந்த தாமதத்தையெல்லாம் லேப்டாப் கொலைவெறி என்று எழுதி வைத்திருக்கிறது.

அரிகிருஷ்ணனிடம் ஓடினாள். நடந்ததைச் சொன்னதும் அவருக்கும் முகம் மலர்ந்தது. அப்படியானால் ஆள் தங்கம்தான் என்று எழுதிக் கொடுத்துவிடேன், வேலை முடிந்தது என்றார். கார்குழலிக்கு ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நல்லவன் என்று இன்றைக்கு எழுதினால், கெட்டவன் என்று நாளைக்கு எழுதச் சொல்வார்கள். முடியாது என்றாள். இந்தச் சோதனையால் எந்தத் தனி ஆளையும் அளக்க முடியாது, நான் டீக்கடையில் பேசியது தப்பு என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவருக்குக் கோபம். ஆராய்ச்சியின் அடுத்த கட்ட அனுமதிக்கு என்னிடம் வரத்தானே வேண்டும் என்று முனகினார்.

தணிகாசலத்திடமும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

“நல்லவன்னு எழுதலியா?” என்றார் அவர்.

“இல்லண்ணா. இதால ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுதான் எழுதியிருக்கேன்.”

“அப்ப அவங்க என்னயத்தான் கேக்கணும்” என்றார்.

அப்படியேதான் நடந்தது. வழக்கமாக ஃபைலைப் புரட்டியே முடிவெடுக்கும் கமிட்டி, அந்தத் தாளைப் பார்த்துக் குழம்பிப்போய் ஆளையே கூப்பிட்டது. அவர் கமிட்டி அறையிலிருந்து வெளியே வரும்வரை கார்குழலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்ன கேட்டார்கள் என்று போய் நின்றாள்.

“வெளிய போனா மறுபடியும் கோவம் வருமான்னு கேட்டாங்கம்மா. தெரியலன்னு சொன்னேன். ராஜாவோட அம்மா வீட்டத் தாண்டித்தான் எங்க வீட்டுக்குப் போவணும், அத நெனச்சாத்தான் பயமாக் கீதுன்னு சொன்னேன்.”

கமிட்டி விடுதலைக்குப் பரிந்துரைத்துவிட்டதாக அரிகிருஷ்ணன் சாயங்காலம் போனில் சொன்னார். கார்குழலிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு மாதமாக அவள் திரையில் ஓட்டிய அத்தனை வார்த்தைகளில், பயம் என்ற ஒன்றை அவள் சேர்க்கவே இல்லை.